பள்ளி செல்லாப் பிள்ளைகள் இருவர்

முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் யாராவது என்னிடம் கேட்பார்கள்: "அங்கன என்ன வேலை பாக்குறீக?"

"வாத்தியார் வேலை."

கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். "எந்தப் பள்ளிக்கூடம்?"

"எங்க வீடு."

வந்த மரியாதை உடனே கிளம்பிவிடும்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. என் மனைவி ஓமனில் நர்ஸ். தலைநகர் மஸ்கட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே, புல்கூட முளைக்காத மலைகளுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரி. குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைத்ததும் நானும் இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தோம். அதுவரை நான் சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் விசாவில், இவர் வேலை பார்க்கக் கூடாது என்று இரண்டு மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். ஓர் அரசாங்கமே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு நானும் வற்புறுத்தவில்லை.

பிள்ளைகள் படிக்க வேறொரு ஊரில் இந்தியப் பள்ளிக்கூடம் இருந்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நர்ஸுகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போய்வந்தது. அதை ஓட்டியவர் கோட்டயத்துக்காரர். மகள் கல்யாணத்துக்கு என்று ஊருக்குப் போனார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர் திரும்பி வரவில்லை. மற்ற நர்ஸுகள் பிள்ளைகளைக் கேரளாவில் தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கினார்கள். எங்களுக்குப் பிள்ளைகளை அனுப்ப மனசு வரவில்லை.

"அடுத்த வேன் வர்ற வரைக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி.

அப்போது பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு எழுத்தே தெரியாது. அடுத்த வேன் வரவேயில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் சாப்பாட்டு மேஜையில் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதல் நாள் நான் லுங்கியோடு பாடம் நடத்தினேன். பெரியவள் பழைய பள்ளியின் சீருடையில் தலை பின்னிக்கொண்டு வந்து உட்கார்ந்து, என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டேன். மத்திய பாடத்திட்டப் புத்தகங்களை இறக்கி ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் அச்செடுத்தோம். தமிழுக்கு நம் ஊர்ப் பாடநூல். அதில் மழை பற்றி ஏதாவது வந்தால் சிரமம். 'சோவென்று மழை கொட்டியது' என்று ஒரு வரி.

"சோன்னா என்னப்பா?" என்றான் சின்னவன்.

அவனைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் ஷவரை முழுதாகத் திறந்துவிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். "அப்ப ஷவர்னே எழுதியிருக்கலாமே" என்றான்.

நான் படித்தது வணிகவியல். அறிவியலை முந்தின நாள் சாயங்காலம் நான் படித்து, மறுநாள் காலையில் நடத்துவேன். இந்த ஏற்பாட்டைப் பெரியவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். "நாளைய பாடத்துல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பாள், நான் தப்பிக்க முடியாத முகபாவத்தோடு. மனைவிதான் ஆய்வாளர். டியூட்டி முடிந்து வந்து, கையைக் கழுவி, நோயாளியின் சார்ட்டைப் புரட்டுவது போல நோட்டுகளைப் புரட்டுவாள். "கணக்கு வீக்கா இருக்கு. காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை குடுங்க" என்பாள்.

பரீட்சையும் உண்டு, ரேங்க்கும் உண்டு. வேறு வேறு வகுப்பில் இருப்பவர்களுக்கு ரேங்க் போட முடியாது என்று நான் சொன்னதை இருவருமே ஏற்கவில்லை. பெரியவள் எப்போதும் முதல் ரேங்க். சின்னவன் எப்போதும் இரண்டாவது. "ரெண்டாவது ரேங்க்" என்று அவன் ஆஸ்பத்திரி நர்ஸுகளிடம் சொல்லும்போது அவர்கள் பாராட்டி மிட்டாய் கொடுப்பார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

இப்படி மூன்று வருஷம் போன பிறகு ஓர் ஆடி மாதத்தில் மதினி போன் செய்தார்கள்.

"கொழுந்தனாரே, உங்க அண்ணனுக்குக் கால் போச்சு."

"போச்சுன்னா?"

"ஒடஞ்சு போச்சு. ரெண்டு எடத்துல. கம்பம் ரோட்டுல பைக்கோட விழுந்துட்டாக. தேனியில கூட்டிட்டுப் போயி கம்பி வச்சிருக்கு. அவுக காலைப் பத்திப் பேசவே இல்ல. பழம், பழம்னே அனத்திக்கிட்டுக் கெடக்காக."

அண்ணனுக்குச் சுருளி போகும் வழியில் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை. பந்தல் முழுக்கப் பழம் கறுத்து நின்ற நேரம். அவர் மகனுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை, லீவு கிடையாது. எனக்கு வருஷம் முழுவதும் லீவு என்று குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது. மனைவிக்கு அப்போது லீவு தரமாட்டார்கள். அவள் டியூட்டியில் இருக்கும்போது பிள்ளைகளை யாரிடம் விடுவது? பள்ளிக்கூடத்தை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு நானும் பிள்ளைகளும் கிளம்பினோம். ஏர்போர்ட்டில் மனைவி இரண்டு பேருக்கும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதுதான் அவள் வழியனுப்பும் முறை.

கொச்சியில் இறங்கிக் காரில் வந்தோம். குமுளி மலையில் நல்ல மழை. பாறைகளிலெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்னவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தான். "இத யாராவது மூட மாட்டாங்களா?" என்று டிரைவரிடம் கேட்டான். டிரைவர், ஆவணி வரை மூடமாட்டார்கள் என்று மலையாளத்தில் சொன்னார்.

அண்ணன் கட்டிலில் காலை இரண்டு தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏலே, தெக்கால வரிசையில ஈ மொய்க்குதாம், போய்ப் பாரு" என்றார். நலம் விசாரிப்பு அவ்வளவுதான். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சிக்கல் தொடங்கியது. ஓமனில் காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகள் சீருடையில் போய்க்கொண்டிருக்க, என் பிள்ளைகள் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லீவாப்பா?" என்று ஒருவர் கேட்பார்.

"இல்ல, இப்பத்தான் முதல் பீரியட் முடிஞ்சது" என்பான் சின்னவன்.

மதினிக்கு இது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் அவர்களே ஒரு பதிலைத் தயார் செய்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அங்கன வெயில் சாஸ்தியாம். ஸ்கூலையே மூடிட்டாக." மூன்று வருஷமாகவா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. என்னைத் தனியாகப் பிடித்து, "படிச்ச குடும்பமா இருந்துக்கிட்டு இப்படிப் பிள்ளைகள வச்சிருக்கீகளே" என்றார்கள். நான் எங்கள் பாடத்திட்டத்தை விளக்கினேன். மதினி முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, பள்ளிக்கூடத்துல எப்பச் சேப்பீக?" என்றார்கள்.

பழவெட்டு தொடங்கியதும் வகுப்பு தோட்டத்துக்குப் போனது. வேறு வழியில்லை. காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெட்டுக்கு வருவார்கள். யாபாரியின் வண்டி வருவதற்குள் பழத்தைப் பெட்டியில் அடுக்க வேண்டும். நான் நடுவில் நின்று பார்க்க வேண்டும். பந்தலுக்குக் கீழே கித்தானை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தேன். பந்தலில் நின்றுகொண்டே வாய்ப்பாடு கேட்டேன். பழம் வெட்டும் பெண்களுக்கு இது பிடித்துவிட்டது. சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் நான்கு வரிசை தள்ளி ஒரு குரல் விடையைச் சொல்லும். ஒழுங்கு கெட்டுப்போனாலும் வகுப்பு கலகலப்பாக இருந்தது.

பெரியவளுக்குக் கித்தானில் உட்கார முடியவில்லை. கொத்திலிருந்து உடைந்த பழங்களைச் சின்னக் கத்திரியால் நறுக்கி எடுக்கும் வேலையை ஓர் அக்காவிடம் பார்த்துப் பார்த்து, பிறகு கேட்டு வாங்கிக்கொண்டாள். விவசாயம் பற்றிய பாடமும் அந்த வாரம் இருந்ததால் நான் தடுக்கவில்லை. செய்முறை என்று கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அந்த நிலையில்தான் அவர்கள் வந்தார்கள். ஒரு நடுத்தர வயது ஆசிரியர், ஓர் இளம் ஆசிரியை. கையில் அட்டையும் பேனாவும். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் கணக்கெடுப்பு. தோட்டம் தோட்டமாக, சூளை சூளையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மறுகோடியில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஆசிரியை என் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மகள் கையில் கத்திரி. முகமெல்லாம் திராட்சைக் கறை. வரிசைகளுக்குள் புகுந்து அவர்களை நோக்கி நடந்தேன்.

"எத்தனை நாளா வேலைக்கு வர்ற, பாப்பா?" என்று அவர் மிகவும் மெதுவான குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா" என்றாள் பெரியவள். அவள் உண்மையைத்தான் சொல்வாள். அது என் பாடத்திட்டத்தின் குறைபாடு.

"எந்த ஸ்கூல்ல படிச்ச? எப்ப நிப்பாட்டுன?"

"தேர்ட் ஸ்டாண்டர்ட்ல. வேன் வரல, அதனால நிப்பாட்டிட்டாங்க."

ஆசிரியை அவள் தோளில் கைவைத்தார். "அம்மா எங்க?"

"ஓமன்ல வேலை பாக்குறாங்க."

"அப்பா?"

இதற்குச் சின்னவன் முந்திக்கொண்டான். "அப்பாவுக்கு வேலை கிடையாது. வேலை பாக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட்ல சொல்லிட்டாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆசிரியர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நான் கைலியும் பழங்கறை படிந்த பனியனும் போட்டிருந்தேன். அன்று இஸ்திரி சட்டை இல்லை.

"சார், இவங்களுக்கு நான்தான் பாடம் நடத்துறேன்" என்றேன்.

"அப்படியா" என்றார் அவர்.

"தினமும் காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சிருவோம். டைம்டேபிள் இருக்கு."

"செங்கச் சூளையிலயும் இதத்தான் சொன்னாக. வீட்டுலயே சொல்லிக் குடுக்குறோம்னாக. நீங்க பயப்படாதீக. உங்கள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாக. பிள்ளைகள மட்டும் விட்ருங்க."

பழம் வெட்டும் பெண்கள் எனக்காகப் பேசினார்கள். "நல்ல மனுசந்தான் சார், அதட்டிக்கூடப் பேச மாட்டாரு, நாள் பூராம் கணக்குப் போடச் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார் ஒருவர். இதுவும் எனக்குச் சாதகமாக விழவில்லை. அட்டையில் இரண்டு பெயர்களும் ஏறின. பள்ளி செல்லாப் பிள்ளைகள், இருவர். இளம் ஆசிரியை போகும்போது கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துச் சின்னவனிடம் கொடுத்தார். அவன் அதைத் தன் இரண்டாவது ரேங்க்குக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மாலை ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். இதற்குள் என்னைப் பற்றி விசாரித்திருந்தார். அண்ணனைத் தெரிந்தவர்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதலில் கால் பற்றிக் கேட்டார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார். எனக்கும் உள்ளூர ஆசைதான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக வெளியாள் ஒருவர் என் மாணவர்களைச் சோதிக்கப்போகிறார்.

பெரியவள் தமிழ்ப் பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். பின்னக் கணக்கை மனசிலேயே போட்டாள். ஆங்கிலத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். சின்னவன் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். நான் சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பெரிதில்லை என்ற பாவனையில் நின்றேன். அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே, "எப்படி?" என்று தலைமையாசிரியையிடம் புருவத்தை உயர்த்தினார், அவரே சொல்லிக்கொடுத்தது போல.

"நல்லாப் படிச்சிருக்காக" என்றார் அவர். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "உன் ஃப்ரெண்டு பேரெல்லாம் சொல்லு பாப்போம்."

பெரியவள் யோசித்தாள். பின்னக் கணக்குக்கு யோசித்ததைவிட அதிக நேரம். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள்.

"அது உன் தம்பியாச்சே. ஃப்ரெண்டு?"

"அம்மாவோட வார்டுல ஒரு அக்கா இருந்தாங்க. கால்ல கட்டுப் போட்டு. அவங்களோட பேசுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்கள டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க."

மதினி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியை காப்பியை வாங்கிக் குடித்து முடித்துவிட்டு, டீசி எதுவும் வேண்டாம், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம், ஊரில் இருக்கும் வரைக்கும் வரட்டும் என்றார். என்னைக் குறை சொல்ல ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது.

மனைவியிடம் போனில் சொன்னேன். பரீட்சையில் நன்றாகப் பதில் சொன்னார்கள் என்பதை முதலில் சொன்னேன். மீதியையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வருஷம் இருக்கும்" என்றாள். பிறகு, "நாளைக்கே அனுப்புங்க."

அனுப்பினேன். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. பள்ளிவரை நடந்துபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். தோட்டத்தில் கித்தான் விரித்தபடியே கிடந்தது. ஒரு பெண் பந்தலுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்து, "இன்னைக்கு வாய்ப்பாடு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். கித்தானை மடித்து வைத்தேன். எனக்கு வேலை போனது இரண்டாவது முறை. முதல்முறை மண்டியை விட்டபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

பெரியவள் அன்று மாலை பேன்களோடும் இரண்டு சிநேகிதிகளோடும் வந்தாள். பேன்களை மதினி ஒரு வாரத்தில் ஒழித்துவிட்டார்கள். சிநேகிதிகள் நிலைத்துவிட்டார்கள். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் அது.

அடுத்த வாரம் ஒரு செய்தியோடு வந்தாள். "இன்னைக்கு என்னைய வகுப்புக்கு வெளிய நிக்க வச்சாக." சொல்லும்போது முகம் பளிச்சென்று இருந்தது. பேச்சும் மாறியிருந்தது. காரணம் விசாரித்தேன். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து யாரோ அண்ணனுக்குக் கொடுத்த தாளில், பன்னீர் திராட்சையின் வேறொரு பெயராக மஸ்கட் என்று போட்டிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தப் பழம் எங்கள் மஸ்கட்டிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பள்ளத்தாக்கே திராட்சையில் பிழைக்கும் ஊர், விடுவார்களா? பெரிய சண்டை. இரண்டு தரப்பையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"அந்த மஸ்கட் வேற, நம்ம மஸ்கட் வேற" என்றேன். "அது திராட்சை ஜாதியோட பேரு. ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இத நாளைக்கு அங்கன வந்து சொல்லிறாதீக" என்றாள்.

சின்னவன் கதை வேறு. அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. காலைச் சிற்றுண்டி பிடித்தது, மதியம் முட்டை பிடித்தது, நடுவில் இருந்தது பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் இன்டர்வலில் கிளம்பி நேராகத் தோட்டத்துக்கு வந்துவிட்டான்.

"என்னடா?"

"டீச்சர் எல்லாருக்கும் ஒரே நேரத்துல நடத்துறாங்கப்பா. எனக்குன்னு நடத்த மாட்டேங்கிறாங்க."

முப்பது பேர் இருக்கும் வகுப்பில் அப்படித்தான் நடத்துவார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு ஓடிவரவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் என்னருகில் உட்கார்ந்து, அன்று வகுப்பில் கேட்க நினைத்துக் கேட்கமுடியாமல் போன கேள்விகளை வரிசையாகக் கேட்பான். நான் அவனுக்குப் பதில் சொல்வேன். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

கார்த்திகையில் அண்ணன் ஊன்றுகோல் இல்லாமல் தோட்டம் வரை நடந்தார். நான் கவனித்த பழம் சுமாராக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். மார்கழியில் மனைவி வருஷ லீவில் வந்தாள். லீவு முடிந்ததும் நால்வருமாக ஓமன் திரும்புவது என்பது ஏற்பாடு. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பெரியவள் சொன்னாள்.

"நான் வரல."

மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வரலன்னா?"

"முழுப் பரீட்சை வரைக்கும் இங்கனயே இருக்கேன். பெரியம்மாகிட்டக் கேட்டுட்டேன்."

மதினி சட்டென்று ரசத்தை எடுக்க உள்ளே போனார்கள். ரசம் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அத்தன மாசம் உன்னப் பாக்காம நான் எப்படி இருப்பேன்?" என்றாள் மனைவி.

"நீங்க டியூட்டில இருக்கறப்ப எப்படியும் பாக்க மாட்டீகல்ல" என்றாள் பெரியவள். கோபத்தில் சொல்லவில்லை. கணக்கில் விடை சொல்வது போலச் சொன்னாள்.

மனைவி எழுந்துபோய்ப் பின்கட்டில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். மதினி ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஊர்ல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் நெத்தியில கைவச்சுப் பாக்குறேன்" என்றாள். கழுவி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து மகளிடம், "சரி, இரு. தலையில எண்ணெய் வைக்காமத் திரியாத" என்றாள்.

நாங்கள் மூவரும் கிளம்பிய நாள் பள்ளி வேலைநாள். காரைப் பள்ளி வாசலில் நிறுத்தினோம். பெரியவள் இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். உள்ளே பிரேயர் மணி அடித்தது. அழுகையை நிறுத்திவிட்டு ஓடினாள். குமுளி செக்போஸ்ட் தாண்டியதும் மனைவி, "தாமதமா வந்தா அவள வெளிய நிறுத்திருவாக, அதான் ஓடிட்டா" என்றாள். ஆமாம் என்றேன்.

ஓமனில் என் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது, ஒரே மாணவனோடு. முதல் வாரம் அவனுக்கு ராஜ வாழ்க்கை. நினைத்த கேள்வியை நினைத்த நேரத்தில் கேட்டான். மாதப் பரீட்சை வைத்து விடைத்தாளைக் கொடுத்தேன். முதல் ரேங்க் என்று போட்டிருந்தேன். தாளை வெகுநேரம் பார்த்தான்.

"நான்தான் கடைசி ரேங்க்கும்" என்றான்.

அன்று மதியத்துக்குமேல் அவன் கேள்வி கேட்கவில்லை. சும்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் எதற்கும் யாரிடமும் போய் நிற்காதவள். அத்தனை வருஷத்தில் ஷிப்டைக்கூட மாற்றிக் கேட்டதில்லை. மறுநாள் மேட்ரன் அறைக்குப் போய், இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள். இடம் இல்லை என்றார்கள். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். கடைசியில் கடற்கரையோரம் ஓர் ஊருக்குப் போட்டார்கள், அவளைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் என்று நினைக்கிறேன்.

கோடையில் பெரியவள் டீசியோடு வந்து சேர்ந்தாள். விமானத்தில் தனியாக வந்தவளை ஏர்போர்ட்டில் பார்த்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது. வளர்ந்திருந்தாள். வந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊர்ச் சிநேகிதிகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். புதுப் பள்ளிக்கூடம் திறந்ததும் அது குறைந்தது. நின்றுவிடவில்லை. சின்னவன் ஊர்ப் பள்ளியைப் பாதியில் விட்டு டீசி வாங்காமல் வந்தவன், முன்பு படித்ததற்குக் காட்ட எதுவும் இல்லை. நுழைவுத் தேர்வு வைத்துத்தான் சேர்த்தார்கள். என் விசாவில் இருந்த அச்சும் பிறகு மாறியது. இப்போது ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

முதல் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் மனைவியும் போனோம். நான் இஸ்திரி சட்டை போட்டிருந்தேன். பெரியவளைப் பற்றி, நிறையப் பேசுகிறாள் என்றார்கள். மனைவிக்கு அதைக் கேட்டு சந்தோஷம் தாங்கவில்லை. அந்த டீச்சருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள். அடுத்து சின்னவனின் வகுப்பு. இளம் மலையாளி டீச்சர், கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

"புத்திசாலிப் பையன். ஆனா கையைத் தூக்காமப் பேசறான். பாடம் நடக்கறப்பவே எழுந்து போய்த் தண்ணி குடிக்கறான். நேத்து என்கிட்ட, இந்தப் பாடத்த நீங்க நேத்து சாயங்காலம்தானே படிச்சீங்கன்னு கேட்டான்."

நான் தரையைப் பார்த்தேன்.

"இதுக்கு முன்னாடி இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் டீச்சர்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு தனியார் பள்ளிக்கூடம்" என்றாள். "இப்ப மூடிட்டாங்க."